சிரிக்காத தேனீக்கள்

ஒரு காட்டில் மளிகைக் கடை வந்தது. பின்னாலேயே மனசாட்சியும் வந்து சேர்ந்தது. அதில் முதலில் சிக்கியவர் மாசிலாமணி என்ற கரடி.

அதுவரை அவர் கூட்டைப் பிய்த்துத் தேன் தின்றவர்தான். இப்போது நரி அண்ணாச்சி கடையில் ‘நியாய வணிகம்’ முத்திரை ஒட்டிய புட்டியைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். விலை இரண்டு மடங்கு. கூடுதல் காசு உழைத்த தேனீக்கே போய்ச் சேரும் என்பது முத்திரையின் வாக்கு. புட்டியில் ஒரு தேனீ முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தபடி நக்கினால்தான் மாசிலாமணிக்குத் தேன் தொண்டையில் இறங்கும். மலிவுத் தேன் வாங்கும் மான்களை வழிமறித்துப் பைக்குள் எட்டிப் பார்ப்பார், நியாயம் பேசுவார். மான்கள் தேன் தின்பதையே விட்டுவிட்டன.

தன் தயவில் வாழும் தேனீக்களை நேரில் பார்த்து நன்றியை வாங்கிக்கொள்ள அவருக்கு ஆசை வந்தது. காலிப் புட்டியோடு மலை ஏறினார்.

அங்கே கூடு ஓட்டை உடைசலாய்த் தொங்கியது. தேனீக்கள் எலும்பும் தோலுமாய் இருந்தன. நரி மொத்தத் தேனையும் வழித்துக்கொண்டு ஒரு கை வெல்லத் தண்ணீர்தான் தருவதாக ராணித் தேனீ சொன்னாள். மழைக்காலத்துக்கு ஒரு சொட்டுகூட மிச்சமில்லையாம்.

“கடையில குடுக்கிற காசுல பாதிய எங்ககிட்டயே குடுத்து வாங்கிக்குங்கய்யா. மழைக்கு என் பிள்ளைங்க பிழைச்சுக்கும்.”

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது. மடியில் கை விட்டுக் காசை எடுத்தும் விட்டார். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று புட்டியின் படத்தைப் பார்த்தார், ராணியின் முகத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் சிரிங்கம்மா, பார்ப்போம்.”

ராணி பாவம், முயன்று பார்த்தாள். தேனீக்குச் சிரிக்க வருமா? காசு மடிக்குள் திரும்பிப் போனது.

கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். நரி பதறவே இல்லை. போலித் தேனீக்கள் பெருகிவிட்டன என்று தலையில் அடித்துக்கொண்டது. அசல் வேண்டுமா என்று கேட்டு, உள்ளறையிலிருந்து மஞ்சளும் கரியும் பூசிய ஒரு குரங்கை அழைத்துவந்தது. குரங்கு எல்லாப் பல்லையும் காட்டியது.

“கூலியெல்லாம் ஒழுங்கா வருதாங்க?” என்று மாசிலாமணி கேட்டார்.

“குறையே இல்லைங்க” என்றது குரங்கு. அது பொய் சொல்லவில்லை. படத்துக்கு நின்றதற்கு நரி அதற்குத் தினமும் வேர்க்கடலை தந்துகொண்டிருந்தது.

மாசிலாமணி மனம் குளிர்ந்து இரண்டு புட்டி வாங்கினார். பிறர் ஏமாறக்கூடாதே என்று மலைமரத்தில் ‘இங்கிருப்பவை போலித் தேனீக்கள்’ என்று தன் செலவில் பலகையும் மாட்டினார்.

மழை வந்தது. ராணியின் பிள்ளைகளில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மழை விட்டபின் அந்த மரத்தில் ரீங்காரமே இல்லை. அதன்பிறகு நரி புட்டியில் வெல்லப்பாகை ஊற்றி, விலையை இன்னும் கொஞ்சம் ஏற்றியது. மாசிலாமணி ஒரு விரல் தொட்டு நக்கி, கண்ணை மூடிச் சொன்னார்: “நியாயத்தோட ருசியே தனி.”

நீதி: உழைத்தவருக்கு நியாயமான விலை கிடைக்க உழைப்பு மட்டும் போதாது, பல்லும் வேண்டும்.