கருத்தையாவின் வால்வு ரேடியோ

“இந்த வால்வு இப்ப எங்கயும் கிடைக்காது சார்” என்று மெக்கானிக் ஆவுடையப்பன் கையை விரித்தபோது, முத்துக்குமரனின் மூன்று நாள் லீவில் அரை நாள் முடிந்திருந்தது.

ரேடியோ அவன் அப்பா கருத்தையாவுடையது. இராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நாகஜோதிதான் போன் செய்தாள்.

“ரேடியோ நின்னுபோச்சுண்ணே. அவிய சரியாச் சாப்பிட மாட்டேங்காக.”

இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் வராத முத்துக்குமரன் உடனே பெங்களூரிலிருந்து கிளம்பினான். வந்ததும், “நல்லாருக்கீங்களாப்பா?” என்றான். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். தான் வராத கோபம் என்று நினைத்துக்கொண்டான். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டான்.

“ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துல சேஷுன்னு ஒருத்தர் இருக்கார். கேட்டுப் பாருங்க சார்” என்றார் ஆவுடையப்பன்.

சேஷு பரணில் ஏறி, பஞ்சில் பொதிந்த, பல்பு மாதிரிக் கண்ணாடி வால்வு ஒன்றை இறக்கினார்.

“நாப்பது வருஷமாப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன். பத்திரம்.”

அந்தப் பத்திரமான வால்வு, ஆவுடையப்பன் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் நீலமாக ஒருதரம் மின்னியது. கூடவே டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிட்டது.

மறுநாள் சோழபுரத்தில் பழைய இரும்புக் கடை. அதே மாடல் ரேடியோ கிடைத்தது. உள்ளே எலி குட்டி போட்டுக் காயிலைக் கடித்திருந்தாலும் டிரான்ஸ்பார்மரும் வால்வும் முழுசாக இருந்தன. மாட்டும்போது ஆவுடையப்பனின் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, அப்பா ரேடியோவின் காயிலை அறுத்தது. தலைமுடி மாதிரிக் கம்பி. அதைச் சுற்றித் தர இப்போது ஆளே இல்லையாம்.

சாப்பிட வீட்டுக்கு வந்தவன் வாசலில் நின்றே கத்தினான். “நாளைக்குப் பாடிரும்ப்பா!”

உள்ளே அப்பா உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“செத்த நேரம் அவிய பக்கத்துல உக்காருங்கண்ணே. ஒண்ணு சொல்லணும்” என்றாள் நாகஜோதி.

“வந்து கேக்கேன்” என்று நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடினான்.

மூன்றாம் நாள் ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

“உள்ள இருக்கிறதைப் பூராம் வழிச்சுப் போட்டுட்டுப் புது போர்டு வச்சிருவோம் சார். ப்ளூடூத்கூட வரும்.”

சாயங்காலம் அப்பாவின் மடியில் ரேடியோ கணீரென்று பாடியது. இரைச்சலே இல்லை. கருத்தையா முகம் மலர்ந்து, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அதைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முத்துக்குமரன் கிளம்ப நின்றான். தோளில் பை, பஸ்ஸுக்கு அரை மணி நேரம்.

“மூணு நாளா நாயா அலைஞ்சிருக்கேன். இன்னும் என்னப்பா கோவம்?”

நாகஜோதி ரேடியோவை அணைத்தாள்.

“கோவமெல்லாம் இல்லண்ணே. அவியளுக்குக் காது போயி ஒன்றரை வருசமாச்சு. விறைச்சுப்போற கைக்கு வால்வுச் சூடு இதமா இருக்கும்னுதான் பழசைத் தேடுனாக, இது ஜில்லுன்னுல்லா இருக்கு.”