லெவல் மேசன் சுட்ட டென்மார்க் உருண்டை

மட்டக்களப்பு வாவித் தண்ணீரைத் தவிர இந்த உலகத்தில் எதுவுமே லெவலாக இல்லை என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் லெவல் மேசன்தான். வீடு, மதில் கட்டுவது தொழில்; தன்னாமுனையில் என் வீட்டுக்கு எதிர்வீடு. நீர்க்குமிழி ஓடும் அந்த லெவல் கட்டை எப்போதும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். கலியாண வீட்டில் மணவறைக்கு வைப்பார். விருந்துக்குக் கூப்பிட்டால் மேசைக்கு வைப்பார், காலுக்கு அட்டை மடித்துச் செருகிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். என் மதிலை வேறு ஒரு மேசன் கட்டியதால் தினமும் காலையில் ஒரு விசாரிப்பு.

“என்ன தம்பி, உங்கட மதில் இன்னும் விழல்லயா?”

தன் வேலையைவிட இன்னொருவர் வேலை நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. வாவிக்கு மேலே போகிற பாலங்களைக்கூடத் தான் கட்டியிருந்தால் இன்னும் நேராக வந்திருக்கும் என்பார்.

அவருடைய ஒரே மகள் டென்மார்க்குக்குப் படிக்கப் போய், அங்கேயே ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் செய்துகொண்டாள். மேசன் கலியாணத்துக்குப் போகவில்லை. ஆறு வருடம் மருமகனின் முகத்தை போனில்கூடப் பார்க்கவில்லை. மகளோடும் சுகம் விசாரிப்பதோடு சரி. மனைவியும் காலமாகிவிட்ட வீட்டில், லெவல் கட்டையோடு தனியாக இருந்தார்.

ஒரு கார்த்திகை மாதம், நாங்கள் நத்தார் என்று சொல்லும் கிறிஸ்மஸ் நெருங்கிய நேரம், நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்த போன் வந்தது.

“அப்பா, அவர்ர அம்மா மோசம் போயிட்டா, செத்தவீடும் முடிஞ்சிது. இந்த நத்தாருக்கு அந்த வீட்டில இரிக்க ஏலாதாம். நாங்க அங்க வரட்டா?”

மேசன் இடுப்பிலிருந்த லெவல் கட்டையை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு கேட்டார், “அந்த மனிசி நத்தாருக்கு என்ன சுட்டுக் குடுக்கிறவ?”

மகள் சொன்னாள். அந்த ஊரில் நத்தாருக்குச் சுடும் பான்கேக் தட்டையாக இருக்காதாம். குழியுள்ள இரும்புச் சட்டியில் கோதுமை மா, முட்டை, மோர், ஏலக்காய் எல்லாம் கரைத்து ஊற்றி, ஊசியால் திருப்பித் திருப்பிப் பந்து மாதிரி எடுப்பார்களாம். மேலே சீனித்தூள், பக்கத்தில் ஜாம். “அது நமக்கு வராதுப்பா” என்று கடைசியில் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டாள். லெவல் மேசனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, ஆறு வருசம் அந்தப் பொடியனுக்கு நான் முகம் குடுக்கல்ல. இப்ப தாயில்லாம வாறான். என்ன கதைக்கிறது? எனக்கு அவன்ட பாஷையும் தெரியா. மறுகா இதச் சுட்டுக் குடுக்கிறதுதான் வழி.”

முதலில் சட்டி. மேசன் அல்லவா, சீமெந்திலேயே வார்த்தார். ஈரச் சீமெந்தில் ஏழு கோழிமுட்டையைப் பாதிவரை அமுக்கிக் குழி எடுத்து, மூன்று நாள் தண்ணீர் ஊற்றி இறுக வைத்தார். நாலாம் நாள் அடுப்பில் ஏற்றினார். பத்து நிமிடத்தில் ‘படார்’. குண்டு விழுந்த சண்டைக் காலம் கண்ட சிறு தெரு எங்கள் ஒழுங்கை. சத்தம் கேட்டு இரண்டு பேர் கட்டிலுக்குக் கீழே போய்விட்டார்கள். அதில் ஒருவன் நான்.

பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு காத்தான்குடிப் பாத்திரக் கடைக்குப் போனார். பணியாரச் சட்டியை எடுத்துக் குழிக்குக் குழி லெவல் கட்டையை வைத்துப் பார்த்தார். ஐந்து சட்டி பிழை, ஆறாவதுக்குக் கை போனது. கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, நீங்க சட்டி வாங்க வந்தீங்களா, ஊடு கட்ட வந்தீங்களா?”

ஆறாவதை வாங்கி வந்த பிறகு மூன்று வாரம் எனக்குக் காலைச் சாப்பாடு அந்த உருண்டைதான். மோருக்குப் பதில் எருமைத் தயிரைக் கரைத்தார். ஊசிக்குப் பதில் சைக்கிள் கம்பி. எல்லாம் சரி, ஆனால் குழியின் விளிம்புவரை மாவை ஊற்றி சீமெந்து பூசும் கரண்டியால் மட்டமாக வழித்துவிடுவார். மா பொங்கி வழிந்து ஏழும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். வெளியே கரி, உள்ளே பச்சை மா.

“முக்கால்வாசி ஊத்துங்க அப்பா” என்று மகள் போனில் கெஞ்சினாள்.

“முக்கால்வாசி எண்டா அது அரைகுறை வேல புள்ள. குழிய நிரப்பாம நான் எழும்ப மாட்டன்.”

நத்தார் காலை பூசை முடிந்து சொந்தபந்தம் முப்பது பேர் முற்றத்தில் கூடிவிட்டார்கள். வெயிலில் சிவந்துபோன நெடிய மருமகன் ஒரு கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்து இரண்டு நாளாகியும் மாமனும் மருமகனும் தலையாட்டியதோடு சரி. மேசன் அடுப்படியில் குந்தினார். மருமகனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாகக் குழியை முக்கால்வாசியில் விட்டார். உருண்டை ஏழும் பொன்னிறத்தில் புரண்டு வந்தன.

விளாம்பழ ஜாமோடு தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிரில் நின்றார். மருமகன் ஒன்றைப் பிட்டு மென்றார். மகளிடம் ஏதோ சொன்னார். அவள் முகம் மாறிவிட்டது.

“என்னவாம்?”

“ஒண்டுமில்லப்பா.”

“சொல்லு புள்ள.”

“நல்லா இரிக்காம். ஆனா... அவங்கட அம்மா சுடுறது போல இல்லயாம்.”

தட்டு பறக்கும் என்று நான் இரண்டு அடி பின்னால் போனேன்.

மேசன் மெல்லத் தலையாட்டினார். “அது சரிதானே. தாய்ட கை மாதிரி எனக்கு வந்தா அதுதான் பிழை. இன்னும் ரெண்டு வைக்கட்டா எண்டு கேளு.”

மகள் மொழிபெயர்த்தாள். மருமகன் எழும்பி, அந்த உயரத்திலிருந்து குனிந்து, மேசனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். மா ஒட்டிய கையால் தொடலாமா என்று தெரியாமல் மேசன் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பிறகு தொட்டார்.

அதற்குப் பிறகு மேசன் மூன்று நத்தார்தான் இருந்தார். ஆனால் மருமகன் ஒவ்வொரு வருடமும் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அந்தச் சட்டியில் இப்போது சுடுவது நான். முக்கால்வாசிதான் ஊற்றுகிறேன், தயிரும் அதே தயிர்தான். ஆனாலும் மேசன் சுட்டது போல வருவதில்லை. வரவும் வேண்டாம்.