காடிலாக் வைத்திருப்பவர் ஏழை அல்லர்

குளிர்காலத்தில் குளிரும் என்பதை எங்கள் டெட்ராய்ட் நகரத்தில் எந்த அதிகாரியும் இதுவரை மறுத்ததில்லை. அதற்காகவே குளிர்கால வெப்ப உதவி அலுவலகம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஓர் ஏழை, தாம் ஏழை என்பதை அந்த அலுவலகத்துக்குத் திருப்தி ஏற்படும்படி நிரூபித்துவிட்டால், அவர் வீட்டைச் சூடாக்கும் கேஸின் கட்டணத்தை அலுவலகமே கட்டிவிடும். ஏழையாக இருப்பது எளிது. அலுவலகம் திருப்திப்படும் அளவுக்கு ஏழையாக இருப்பதுதான் சிரமம்.

எங்கள் தெருவில் மிஸ் ஒடெஸா ப்ரூயிட் அந்த அளவுக்கு ஏழை என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். எழுபதைத் தாண்டியவர்; மணமானவர்தான், 'மிஸ்' என்பது பெரியவர்களுக்கு நாங்கள் வைக்கும் மரியாதை. கார்த் தொழிற்சாலையில் கதவுக்குக் கைப்பிடி மாட்டியே காலத்தைக் கழித்தவர். அந்த டிசம்பரில் அவர் வீட்டுக் கேஸை நிறுத்திவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தார். நான் கொண்டுபோன சூப்பைக் குடிக்காமல் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார். கேட்டால், "சூடு போனப்புறம் குடிக்கிறேன் ரோஸ்கோ, இப்ப கைக்கு வேணும்" என்றார்.  நகரப் பேருந்து ஓட்டுகிறவன் நான். மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரை அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

அங்கே கெஸ்லர் என்ற அதிகாரி இருந்தார். நல்ல மனிதர், அதாவது விதிகளின்படி நல்லவர்.

"மேடம், உங்க வீட்டு முன்னால ஒரு வண்டி நிக்குதாமே?"

"நிக்குது சார். நிக்க மட்டும்தான் செய்யுது."

"என்ன வண்டி?"

"காடிலாக். எழுபத்தாறாம் வருஷத்து மாடல். எங்க வீட்டுக்காரர் லூசியஸ் ஆசைப்பட்டு வாங்கினது. அவரு போயாச்சு."

கெஸ்லர் பேனாவை மூடினார். "காடிலாக் வைத்திருப்பவர் ஏழை அல்லர். இது எங்க விதி."

"சார், அதுல என்ஜின் கிடையாது" என்றேன் நான். "இவங்க கொழுந்தன் கழட்டிட்டுப் போய்ப் படகுல மாட்டிக்கிட்டான். படகும் முழுகிப்போச்சு."

"விதியில என்ஜின்னு ஒரு வார்த்தையே இல்லையே. ஆடம்பர வாகனம்னுதான் இருக்கு. ஆடம்பரம் என்ஜின்லயா இருக்கு? பேர்ல இருக்கு."

"அப்ப இழுத்துட்டுப் போய் எங்கயாவது தள்ளிடுறோம்."

"அது இன்னும் மோசம். உதவி கேட்டு வந்தப்புறம் சொத்தை ஒழிச்சா, வேணும்னே ஏழையானதாகும். வேணும்னே ஏழையானவங்களுக்கு உதவி கிடையாது."

மிஸ் ஒடெஸா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சார், எனக்கு ஒரு சந்தேகம். இப்ப யாரு காடிலாக்கை ஆடம்பரம்னு சொல்றாங்க? எங்க தெருப் பசங்க அதைப் பாத்தா சிரிக்கிறானுங்க."

கெஸ்லர் யோசித்தார். அவர் பணிக்காலத்தில் அது அபூர்வமான நிகழ்ச்சி என்று பின்னால் கேள்விப்பட்டேன். மேற்படி வாகனத்தின் தற்கால மதிப்பு ஆடம்பரத்துக்கு உரியதா என்பதை ஆராய்ந்து தீர்மானிக்க மதிப்பு நிர்ணயக் குழு ஒன்றை அமைத்தார். குழுவில் அவர், ஓய்வுபெறப் போகும் பெக்வித் என்ற பெரியவர், புதிதாக வேலைக்கு வந்த வோஸ்னியாக் என்ற இளம்பெண். குழு கூடும்வரை மிஸ் ஒடெஸா கோட்டையும் தொப்பியையும் கழற்றவில்லை.

ஜனவரியில் கூடினார்கள். வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் பெக்வித். காடிலாக் என்பது நம் நகரத்தை நிறுவிய பிரெஞ்சுப் பிரபுவின் திருநாமம், வண்டியின் மூக்கில் இருப்பது அவருடைய குலச்சின்னம் என்று எழுந்து நின்று சொன்னார்.

"அவரு பிரபுவே இல்லையாம் சார்" என்றாள் வோஸ்னியாக். "கப்பல்ல இறங்கினதும் தானே ஒரு பட்டம் போட்டுக்கிட்டாராம். குலச்சின்னமும் அவரே வரைஞ்சுக்கிட்டதுதானாம். பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்தாங்க."

"யாரு கேட்டாங்க அதை?" என்று பெக்வித் உட்கார்ந்துவிட்டார். பிறகு சமாதானமாகி, ஐம்பதுகளில் வண்டிக்குப் பின்னால் இறக்கை போலத் தகடு முளைத்த காலத்தைச் சொன்னார். டாக்டர் வைத்திருந்தார், பாடகர் வைத்திருந்தார், குத்துச்சண்டைக்காரர் வைத்திருந்தார். தம் அப்பா அதன் விளம்பரத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார்.  குழு அதையும் குறிப்பில் ஏற்றியது.

மிஸ் ஒடெஸா கையைத் தூக்கினார். "எங்க அப்பாவுக்கும் ஆசை இருந்துச்சு. அந்தக் காலத்துல எங்க கறுப்பு ஜனங்களுக்குக் கடையில நேரா குடுக்க மாட்டாங்க. ஒரு வெள்ளைக்காரருக்குக் கைக்கூலி குடுத்து அவரு பேர்ல வாங்கணும். அப்புறம் கம்பெனிக்கு வியாபாரம் படுத்துச்சு. எங்க காசும் காசுதான்னு தெரிஞ்சு வித்தாங்க. பாஸ்டர் வாங்கினாரு, பல் டாக்டர் வாங்கினாரு, பொணம் எடுக்கிறவரு வாங்கினாரு."

"அதனால அதோட மதிப்பு ஏறுச்சா, இறங்குச்சா?" என்று கெஸ்லர் கேட்டார்.

"எங்களுக்கு ஏறுச்சு. உங்களுக்கு இறங்குச்சு."

"ரெண்டையும் எழுதிக்குங்க" என்றார் கெஸ்லர்.

எண்பதுகளுக்கு வந்தபோது வோஸ்னியாக் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். "எங்க தாத்தா ஒண்ணு வச்சிருந்தாரு. சோபாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கும். வெயில் தேடி ஃப்ளோரிடா போற தாத்தாங்க எல்லாரும் அதுலதான் போவாங்க. நான் பின்னால குனிஞ்சு படுத்துக்குவேன், யாரும் பாத்துடக் கூடாதுன்னு."

"அப்ப இன்னிக்கு மதிப்பே இல்லைன்னு எழுதலாமா?" என்றேன் நான். காரியம் கைகூடிவிட்டது போலிருந்தது.

"இல்ல இல்ல, இப்ப அப்படி இல்ல. பாட்டுக்காரங்க எல்லாம் பெரிசா கருப்பா ஒண்ணு வச்சிருக்காங்களே. அப்புறம் கரண்டுல ஓடுறது வந்திருக்கு. நான் கட்டிக்கப்போறவன் அதைத்தான் வாங்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான்."

குழு தகுந்த பரிசீலனைக்குப் பின் அளித்த தீர்ப்பு இதுதான்: மேற்படி பெயர் ஒருவருக்கு ஏறும்போது இன்னொருவருக்கு இறங்குகிறது, ஒருவர் வெட்கப்படும்போது இன்னொருவர் ஏங்குகிறார், இப்படி ஒரு நகரத்தையே ஆட்டிவைத்த பொருளை வெறும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. அது ஒரு பாரம்பரியச் சின்னம். சின்னத்தின் சொந்தக்காரர் எந்த விதத்திலும் ஏழை ஆக மாட்டார். மனு தள்ளுபடி செய்யப்பட்டு, வாகனம் மட்டும் பாரம்பரியப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது.

பாரம்பரியப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி பனியில் சறுக்கிக்கொண்டு வந்தார். வண்டியைச் சுற்றிவந்து பதறிப்போனார். "ஐயையோ, இதை இப்படி வெளியில விட்டிருக்கீங்களே. உறைபனியில தோல் சீட்டு வெடிச்சிடும். இதுக்கு ராத்திரி பகலா சீரான வெப்பம் வேணும்."

"எனக்கும்தான்" என்றார் மிஸ் ஒடெஸா.

"உங்களைப் பத்தி எங்க பிரிவுல விதி எதுவும் இல்லீங்க."

ஒரே வாரத்தில் ஆட்கள் வந்தார்கள். வீட்டுக்குப் பின்னாலிருந்த பழைய கார்க் கொட்டகைக்குப் புதுச் சுவரும் கதவும் போட்டு, தனியாகக் கேஸ் இணைப்பு கொடுத்து, உயர்ந்த ரக ஹீட்டர் ஒன்றை மாட்டினார்கள். நாங்கள் வண்டியைத் தள்ளி உள்ளே விட்டோம். அங்கே மே மாதம் போல இருந்தது. இருபதடி தள்ளி வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் உறைந்து கிடந்தது.

"நான் உள்ள உக்காந்துக்கலாமா?" என்று மிஸ் ஒடெஸா கேட்டார்.

அதிகாரி விதியைப் புரட்டினார். சின்னத்தின் அருகில் பொறுப்பான பராமரிப்பாளர் ஒருவர் எப்போதும் இருப்பது விரும்பத்தக்கது என்று இருந்தது. அன்றைக்கே மிஸ் ஒடெஸா தலையணையும் போர்வையுமாகப் பின்சீட்டுக்குக் குடிபோனார். அடுப்பை ஒரு பெஞ்சில் வைத்துக் கீரையும் பன்றிக்காலும் வேகவைத்தார். மாதக்கணக்கில் மூடியிருந்த முகம் மலர்ந்தது. தொப்பியைக் கழற்றியபோதுதான் அவர் தலை முழுக்க நரைத்திருப்பதையே நான் பார்த்தேன். வாரத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து வண்டியின் நலம் விசாரித்தார்.

தெரு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? கேஸ் கட்டணம் எல்லோர் கழுத்தையும்தான் நெரித்தது. எதிர்வீட்டு வெர்னெல் டிப்ஸ், காடிலாக்கைக் கிழவர்கள் வண்டி என்று கேலி பேசியே பொழுதைப் போக்கியவர், ஒரு காயலான் கடையிலிருந்து நெடுநீள வண்டி ஒன்றைக் கட்டியிழுத்து வந்தார். அதற்குச் சக்கரம் இல்லை. மூலைவீட்டுச் சகோதரர்கள் பழைய சவ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அதுவும் காடிலாக்தான். இதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்டதற்கு, "ஏறினவன் ஒருத்தனாவது குறை சொல்லியிருக்கானா?" என்றார்கள். அவரும் எழுதிக்கொண்டு போனார். நான் தேடிப் போவதற்குள் முழு வண்டியெல்லாம் தீர்ந்துவிட்டது. எனக்கு முன்பாதிதான் கிடைத்தது. கொட்டகைக்கு வெளியே மூக்கு மட்டும் தெரியும்படி நிறுத்திவைத்தேன். பார்ப்பதற்கு இப்போதுதான் வெளியே வருவது போல இருந்தது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஹீட்டருக்காகத்தான் கொண்டுவந்தோம். ஆனால் கொண்டுவந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போது எல்லோரும் தத்தம் வண்டிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போனோம். வெர்னெல் சக்கரமில்லாத வண்டியில் உட்கார்ந்து முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டார். வேறு தெருக்காரர்கள் காரை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவை யாரும் மெதுவாகக் கடந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

எங்களுக்கெல்லாம் ஹீட்டர் வருவதற்கு முன்பே, மார்ச்சில் இரண்டு ஆணைகள் வந்தன. முதலாவது பாரம்பரியப் பிரிவிலிருந்து. சாதாரண மக்கள் வாழும் ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு காணப்படும் பொருள் அபூர்வமானதாகவோ மதிப்புக்கு உரியதாகவோ இருக்க முடியாது. எனவே மிஸ் ஒடெஸாவின் வண்டி உட்பட எதுவும் சின்னம் அல்ல. அன்று மாலையே ஹீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மிஸ் ஒடெஸா மறுபடியும் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்ல ரோஸ்கோ" என்றார். "சின்னம் இல்லன்னா நான் ஏழைதானே? வா, ஆபீசுக்குப் போவோம்."

போக வேண்டியிருக்கவில்லை. மறுநாள் கெஸ்லரே இரண்டாவது ஆணையோடு வந்தார். மாநிலத்திலேயே வீட்டுக்கணக்கில் அதிகக் காடிலாக் உள்ள தெரு எங்களுடையதாம். எனவே இது செழிப்பான பகுதி என வகைப்படுத்தப்பட்டு, இங்கே யாருக்கும் வெப்ப உதவி கிடையாது என முடிவுசெய்யப்பட்டிருந்தது.

"ஒரு ஆபீஸ் இதுக்கு மதிப்பில்லங்குது, நீங்க செழிப்புங்குறீங்க. எது சார் சரி?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டும் சரிதான். ரெண்டும் வேற வேற மாடி." பிறகு அவருக்கே மனசு கேட்காமல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "நான் ஒண்ணு செய்யலாம். என் வீட்டு முன்னால நிக்கிறது காடிலாக் இல்ல, வெறும் பழைய இரும்புன்னு ஆளாளுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க. இன்னிக்கே உதவிக்கு எழுதிடுறேன். முதல்ல மிஸ் ஒடெஸா போடட்டும்."

எல்லோரும் மிஸ் ஒடெஸாவின் கொட்டகைக்குள் கூடினோம். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அவர் பேனாவை வாங்கி, தாளை வண்டியின் முன்மூடியில் வைத்தார்.  அவர் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குச் சூடு வர வேண்டும் என்று நான் மனசார வேண்டிக்கொண்டேன். அவரோ கதவுக் கைப்பிடியைக் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குக் கைப்பிடி போட்டவ நான்" என்றார் கடைசியில். "எங்க வீட்டுக்காரர் வாங்கினது. இரும்புன்னு நான் எழுதிக் குடுக்கவா?" பேனாவை வெர்னெலிடம் நீட்டினார். "நீ போடு கண்ணு. உன்னோடதுதான் காயலான் கடையில வாங்கினது."

வெர்னெல் இரண்டு கையையும் கோட்டுப்பையில் விட்டுக்கொண்டார். சகோதரர்கள் சவ வண்டியின் கௌரவத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்கள். பேனா என்னிடம் வந்தது.

எனக்கு எந்தச் சிரமமும் இருந்திருக்கக் கூடாது. என்னுடையது பாதிதான். ஆனால் அந்தப் பாதியில் அல்லவா குலச்சின்னம் இருக்கிறது? பேனாவைக் கெஸ்லரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

கெஸ்லர் கையெழுத்தில்லாத தாளை மடித்துப் பையில் வைத்தார். தெருவில் நேரில் விசாரித்ததாகவும், தாம் ஏழை என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒருவரும் முன்வரவில்லை என்றும் குறித்துக்கொண்டார். அதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. கிளம்புமுன் மிஸ் ஒடெஸாவின் வண்டிப் பக்கம் திரும்பி, கதவைத் திறந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கூச்சத்தோடு கேட்டார். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஏறும்படி மிஸ் ஒடெஸா சொன்னார். அவர் இறங்கி வரும்வரை நாங்கள் எல்லோரும் குளிரில் வரிசையாக நின்றோம்.