மடவைக்கும் கிழங்கானுக்கும் துபாய் டிக்கெட்

கோட்டைக்குப்பம்,
பழவேற்காடு.

மாப்பிள்ளை பிரவீன் அவர்களுக்கு உங்கள் மாமனார் துளசிங்கம் நின்றுகொண்டு எழுதும் கடிதம்.

இங்கே நான், உங்கள் அத்தை தேவகி, படகு, இன்ஜின் நால்வரும் சௌக்கியம். அங்கே நீங்களும் நிவேதாவும் அதே மாதிரி இருக்க வேண்டிக்கொள்கிறோம். நின்றுகொண்டு என்று எழுதியதை மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதை உண்டு, ஆனால் காரணம் அது இல்லை. நாய் கடித்துவிட்டது. கடித்த இடம், ஒரு மாமனார் மருமகனுக்கு எழுதக்கூடிய இடம் இல்லை. பதினொரு நாளாகியும் பெஞ்சில் உட்கார்ந்தால் உயிர் போகிறது. உங்கள் அத்தை மீன் ஐஸ் பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் பலகை போட்டு மேசை செய்து கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு எதிரில் சௌகரியமாக உட்கார்ந்து சிரிக்கிறாள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் போன் செய்தால் நீங்கள் சந்தோஷமாக ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், நிவேதா காதில் விழும். அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன், அதிலும் எட்டாவதில் பாதி நாள் ஏரியில் இருந்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எழுத்தில் இருக்கும் தப்பைச் சொல்கிறேன். நான் செய்த தப்பைப் பொறுப்பதா வேண்டாமா என்று கடைசி வரை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிவேதா துபாய்க்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போவதற்கு முன்னாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் புத்தம் புதிதாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒருதரம் "ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க நைனா" என்று கூப்பிடுகிறாள். முதல் வருஷம் புது வலை இறக்கியிருக்கிறேன் என்றேன். இரண்டாம் வருஷம் அம்மன் திருவிழா, நான் இல்லாமல் தேர் நகராது என்றேன். அந்தத் தேர் நகரும்போது நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். இந்த வருஷம் அவள் கேட்டபோது கைவசம் எதுவும் இல்லை. கரையில் என் படகு நிழலில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. வாயில் வந்தது. "நம்ம நாய்ங்க ரெண்டு இருக்குது கண்ணு. என் கையால வச்சாத்தான் துன்னும். உட்டுட்டு எப்டி வர்றது?"

இங்கேதான் நீங்கள் குறுக்கே வந்தீர்கள். போனை வாங்கி, "அவங்களையும் கூட்டிட்டு வாங்க மாமா, லீவுக்கு எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்றீர்கள். நாயை 'அவங்க' என்று சொல்கிற மனிதரிடம் நான் எந்த வாயால் உண்மையைச் சொல்வது? சரி என்று சொல்லிவிட்டேன், நீங்களும் டிக்கெட் போட்டுவிட்டீர்கள். மாப்பிள்ளை, அந்த நாய்கள் என்னுடையவை இல்லை. எங்கள் கரையில் யார் படகு நிழலில் நாய் படுக்கிறதோ அது அந்தப் படகு நாய் என்று பேச்சு. காலையில் என் படகு நிழல், பத்து மணிக்கு வெயில் திரும்பினால் பூபதி படகு நிழல், மத்தியானம் மீன் ஏலம் விடுகிற செவ்வந்தியின் கூடை நிழல். இரண்டும் என்னைக் கண்டு ஒருநாளும் வாலாட்டியதில்லை. செவ்வந்தி கழித்துப் போடுகிற பொடிமீனுக்குத்தான் ஆட்டும்.

ஒரே வாரத்தில் நீங்கள் ஏற்பாடு செய்த வேணு தம்பி, நாய்களை வெளிநாடு அனுப்புகிற ஆபீஸிலிருந்து கால்நடை டாக்டரோடு காரில் வந்து இறங்கினார். நல்ல பையன். தோலுக்கடியில் சிப் வைக்க வேண்டும், வெறிநாய் ஊசி போட வேண்டும், ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும், அப்புறம் கூண்டு பழக வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னார். எனக்கு முன்னால் நாய் ரத்தம் விமானம் ஏறப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். சொந்தக்காரர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பேர் என்ன என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து செவ்வந்தி பின்னால் "மடவ, கெழங்கான், மடவ, கெழங்கான்" என்று மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பெண் நாய்க்கு மடவை, ஆண் நாய்க்குக் கிழங்கான். இன்றைக்கு அரசாங்க முத்திரை குத்திய காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.

"கூப்பிடுங்க சார்" என்றார் வேணு. கூப்பிட்டேன். மடவை ஒரு கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. கிழங்கான் எழுந்து பூபதி படகுக்குப் போய்விட்டது. பாசம் அதிகம், கோபித்துக்கொள்ளும் என்று சொல்லிச் சமாளித்தேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. தெரிந்த தொழில் ஒன்றுதானே? படகிலிருந்து வீச்சு வலையை எடுத்து ஒரே வீச்சு. இந்த வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக விரிந்து விழுந்த வீச்சு வேறு இல்லை. இரண்டும் மாட்டின. மடவை பெண்பிள்ளை, அடங்கிப் படுத்து சிப்பும் ஊசியும் வாங்கிக்கொண்டது. கிழங்கான் வலையில் சுற்றிக்கொண்டு உருண்டது. அதன் பல்லில் சிக்கிய வலைக் கண்ணியை எடுத்துவிட்டுத் திரும்பினேன். திரும்பினதுதான் தப்பு.

வேணு தம்பியே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். குப்புறப் படுத்துக்கொண்டு போனேன். அங்கே நம் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் வரிசையில் நிற்க, நர்ஸம்மா நோட்டைப் பிரித்து, "சொந்த நாயா, தெரு நாயா?" என்று கேட்டது. பக்கத்தில் வேணு, கையில் நான் சொந்த நாய் என்று கையெழுத்துப் போட்ட காகிதம். பின்னால் ஊர், அதற்கு எல்லாம் தெரியும். "அத்தத்தான் சிஸ்டர் நானும் யோசிக்கிறேன்" என்றேன். "யோசிச்சு சொல்றதுக்கு இது இன்னா பொண்ணு பாக்குற விசயமா?" என்றது அது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எனக்காகத் தெரு நாய் என்று பதில் சொன்னார்கள். வேணு தம்பி காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஊசி போட்டு, இன்னும் எந்தெந்த நாளில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, கடித்த நாயைப் பத்து நாள் கண்ணிலேயே வைத்திரு, அதற்கு ஏதாவது ஆனால் ஓடி வா என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே ஏலக் கொட்டகையில் ஊர்ப் பஞ்சாயத்து கூடிவிட்டது. ஊர் நாயைத் துளசிங்கம் நாடு கடத்துகிறான் என்று பிராது. ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்பதற்கு எங்களிடம் முறை உண்டு, அதைப் பாடு என்போம். தலைவர் சுப்பராயலு அதே நியாயத்தை இதற்கும் போட்டார். "நாய்ங்க ஊருக்குப் பொது. தொளசி மட்டும் இட்டுக்கினு போனா ஏரி நியாயம் இன்னா ஆவறது? பாடு போட்டுடலாம்." நாய்களோடு யார் முதலில் துபாய் போவது என்று பன்னிரண்டு படகுக்காரர்கள் பேர் எழுதிச் சீட்டு குலுக்கினார்கள். எனக்குப் பதினோராவது. முதல் பாடு பூபதிக்கு விழுந்திருக்கிறது. அவன் உங்கள் வீட்டு விலாசம் கேட்கிறான், ஏசி இருக்கிறதா என்றும் கேட்கிறான். போன் வந்தால் எடுக்காதீர்கள்.

பத்து நாள் கண்ணில் வைப்பது என்றால் சும்மா இல்லை. கட்டிப்போட்டால் கிழங்கான் கத்துகிறது, அவிழ்த்தால் ஓடுகிறது. வேணு விட்டுப்போன கூண்டில் வைக்கலாம் என்றால் அதில் உங்கள் அத்தையின் கோழி குடியேறி முட்டை வைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் வேளைக்கு வேளை மீன் அவித்துச் சோற்றில் பிசைந்து, முள் எடுத்து, பக்கத்திலேயே நின்று ஊட்டினேன். நாலாம் நாள் வரை உறுமிக்கொண்டே தின்றது. ஏழாம் நாள் உங்கள் அத்தை வைத்தாள், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. செவ்வந்தி பொடிமீனைக் காட்டினாள், போகவில்லை. இப்போது என் கையால் வைத்தால்தான் தின்கிறது. நான் படகு தள்ளும்போது தண்ணீர் வரைக்கும் வந்து நிற்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. நிற்கிறது என்று பூபதிதான் சொல்கிறான். "பொய் சொன்ன வாய்க்கு நாய் சாட்சியா வந்துட்டுது பாரு" என்கிறாள் உங்கள் அத்தை.

மாப்பிள்ளை, இனிமேல் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு விமானம் என்றால் பயம். சின்ன வயதிலிருந்து கடலில் கிடக்கிறேன், புயலில் இன்ஜின் நின்று ஒரு நாள் முழுக்க மிதந்திருக்கிறேன். ஆனால் கடலில் விழுந்தால் நீந்தலாம், மேலேயிருந்து விழுந்தால் எதைப் பிடித்துக்கொள்வது? இதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆகவே டிக்கெட்டை ரத்து செய்துவிடவும். பஞ்சாயத்து தடுத்துவிட்டது என்று நிவேதாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும். வேணு தம்பியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்கவும். கூண்டை, குஞ்சு பொரித்ததும் திருப்பித் தருகிறோம்.

உங்களுக்கும் நிவேதாவுக்கும் ஒரு குறையும் வராமல் அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். அத்தை கருவாடு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். யார் கையில் கொடுத்தனுப்புவது என்றுதான் தெரியவில்லை, பூபதியைத் தவிர.

இப்படிக்கு,
வெட்கத்துடன் ஆசீர்வதிக்கும் மாமனார்,
சோ. துளசிங்கம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிவேதாவே போன் செய்துவிட்டாள். மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். நான் வலை வீசியதைச் செவ்வந்தி வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். நீங்களும் பார்த்துச் சிரித்தீர்களாம், பரவாயில்லை. நாய் நம்முடையது இல்லை என்று நிவேதாவுக்கு முதல் நாளே தெரியுமாம். விமானம் பயம் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். "நானே வந்து பக்கத்துல உக்காத்தி வச்சி இட்டுக்கினு போறேன்" என்றாள். சரி என்றேன். கிழங்கானுக்கு ஒரு மாசம் முள்ளெடுத்து ஊட்ட பூபதி ஒத்துக்கொண்டான்.

ஆனால் மாப்பிள்ளை, விமானம் பயம் என்பதும் பொய். உங்களிடம் மட்டும் எழுதுகிறேன். மூன்று வருஷம் முன்னால் வழியனுப்பப் போன அன்றைக்கு மீனம்பாக்கத்தில் அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, நான் குனிந்து செருப்புப் பக்கிளை மாட்டிக்கொண்டிருந்தேன். என் செருப்புக்குப் பக்கிள் கிடையாது. இன்றைக்குப் போனில் அவள், "நெசமா சொல்லு நைனா, உனக்கு வேற இன்னா பயம்?" என்று கேட்டாள். சார்ஜ் இறங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்லாமல் விட்டது இதுதான்: வர்றதுக்குப் பயம் இல்ல கண்ணு, மாசம் முடிஞ்சா உன்ன மறுபடி உட்டுட்டு வரணுமே.