ஜம்புலிங்கம் வாசித்த கீபோர்டு

பொய்யே சொல்லாமல் பெண்டாட்டியை ஏமாற்றுவது என்று ஜம்புலிங்கம் முடிவெடுத்தார். பொய் சொன்னால் எழிலரசி கண்டுபிடித்துவிடுவாள். அது பல வருஷ அனுபவம். உண்மையைச் சொல்லி ஏமாற்றினால்? அந்த வழியை அவர் இதுவரை முயன்று பார்த்ததில்லை.

எண்பதுகளில் வந்த ஹோம் கம்ப்யூட்டர் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. நசரத்பேட்டையில் பழைய எலெக்ட்ரானிக் சாமான் ரிப்பேர் செய்யும் சிநேகிதர் இருதயராஜ் தேடிப் பிடித்துக் கொடுத்தது. பார்க்க வெறும் கீபோர்டு. மொத்தக் கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயே அடக்கம். பழைய டிவியில் சொருகி சுவிட்சைத் தட்டினால் போதும், நீலத் திரையில் சின்னக் கட்டம் ஒன்று மினுக்கும். அப்டேட் கேட்காது. பாஸ்வேர்டு கேட்காது. 'சொல்லுங்க சார்' என்று காத்து நிற்கும். அவர் சொல்வதைக் கேட்க அந்த வீட்டில் ஒரு ஜீவன் காத்து நிற்பது அதுவே முதல் தடவை.

ஆனால் திருவேற்காட்டு வீட்டில் சட்டம் கடுமையாக இருந்தது. குண்டு டிவியும் வால்வு ரேடியோவும் உள்ளே வந்தபோதே எழிலரசி அறிவித்துவிட்டாள்.

"இன்னொரு பழசு இந்த ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னு வையி, அத்தவிடப் பழசு ஒண்ணு வெளிய போயிடும்."

ரேடியோவை விட்டால், கம்ப்யூட்டரைவிடப் பழசாக வீட்டில் மிச்சமிருந்தது ஜம்புலிங்கம்தான்.

பெட்டியோடு வாசலில் மாட்டிக்கொண்டார்.

"இன்னாய்யா அது?"

"கீபோர்டு."

"இன்னாத்துக்கு?"

"கத்துக்கலாம்னுதான்."

"பாட்டு வாசிக்கிறதா?"

ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல், நடுவாந்திரமாகத் தலையை ஆட்டினார்.

"வாசி, வாசி. லீவு நாள்ல கைய கால வச்சிகினு சும்மா கீறதுக்கு அது எவ்ளோவோ மேல்."

அவ்வளவுதான். ஜம்புலிங்கம் ஜெயித்துவிட்டார்.

மறு ஞாயிறே இருதயராஜ் வந்து மிஷினைப் பிரித்தார். உப்பிப்போன உதிரிகளை மாற்றினார். டேப் கேசட்டிலிருந்து ஒரு கேம் மிஷினில் ஏறுவதற்குள் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். அதனால் நகத்தளவு மெமரி கார்டு ஒன்றைச் சொருகும்படி செய்தார். இனி எச்சில் விழுங்குவதற்குள் கேம் ரெடி.

"இத்துனூண்டு மெமரிய வச்சிகினு இன்னாமா வேல பாத்துகிறாங்க பாரு மாமே!" என்று உருகினார் இருதயராஜ். "இப்ப ஒரு குட் மார்னிங் படம் அனுப்பவே இந்த மாதிரி நாலு மிசின் வேணும்."

ஜம்புலிங்கமும் உருகினார். பக்கத்து வீட்டு மங்களம் எட்டிப் பார்க்கும் வரை.

"அண்ணே, நம்ம நகர் ஆண்டு விழால உங்க கீபோர்டு கச்சேரியாமே? எழிலு பேரு குடுத்துட்டா!"

உருகியது உறைந்தது. உள்ளே ஓடினார்.

"யாரைக் கேட்டு பேரு குடுத்த?"

"கீபோர்டு வாங்கினவன் வாசிக்கத்தான போற?"

"இன்னும் முழுசா கத்துக்கலியே எழிலு."

"அதான் டைம் கீதுல்ல? வாசிக்காத கீபோர்டு இன்னாத்துக்கு ஊட்ல?"

இருதயராஜ்தான் காப்பாற்றினார். "பயப்படாத மச்சான். பின்னாடி சவுண்டு சிப் ஒண்ணு மாட்டிர்லாம். மூணு குரல்ல பாடும். பாட்ட நம்பர் நம்பரா மாத்தி உள்ள தள்ளு. மேடைல வெரல மட்டும் ஆட்டு."

ஜம்புலிங்கம் ஸ்வரம் ஸ்வரமாக எண்ணாக்கித் தட்டினார். கடைசியில் அந்தக் கிழட்டுப் பெட்டி பாடியேவிட்டது. ஒரு குரல் மெட்டை எடுத்தது. ஒன்று கீழே சுருதி பிடித்தது. மற்றது நடுவில் புகுந்து குழைந்தது. இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விழா வந்தது. குண்டு டிவியின் முதுகை ஜனங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஜம்புலிங்கம் பட்டனை அழுத்தினார். பாட்டு பொங்கியது. பந்தல் அடங்கியது. அவர் விரல்கள் ஆடின. தலை ஆடியது. பாதிப் பாட்டில் தானே வாசிப்பதாக நம்பிக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

"ஒன்ஸ் மோர்!" என்றது கூட்டம்.

மறுபடி அழுத்தினார். சத்தமே இல்லை. திரையில் 'அவுட் ஆஃப் டேட்டா' என்று வந்து நின்றது. விரல்கள் மட்டும் பழக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

"எனக்குத்தான் காது அடச்சிகிச்சா?" என்றாள் முன்வரிசையில் மங்களம்.

எழிலரசி விறுவிறுவென்று மேடையேறினாள். திரையை ஒரு பார்வை பார்த்தாள். "தள்ளு" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெஸ்டோர் போடலியா நீ?"

"இன்னாது?"

"முடிஞ்ச பாட்ட மொதல்லேந்து எடுன்னு மிசினுக்கு யாரு சொல்றது? பாவம், அது இன்னா பண்ணும்?"

பேசிக்கொண்டே புதிதாக ஒரு வரி அடித்தாள். கீயைப் பார்க்காமலே அடித்தாள். ஜம்புலிங்கத்தின் வாய் பிளந்தது. என்னா வேகம்!

"உனக்கெப்படி எழிலு...?"

"எட்டாங்கிளாஸ்ல எங்க ஸ்கூல்ல இதே மாதிரி மிசின் இருந்துச்சு. டீச்சர் போனப்புறமும் நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"அப்ப அன்னிக்கே தெரியுமா?"

"பாட்டு வாசிக்கிற கீபோர்டுல ஏபிசிடி எங்கய்யா கீது? எவ்ளோ தூரம் போறன்னு பாத்தேன். ஆனா சும்மா சொல்லக்கூடாது, நல்லா மாத்தி வச்சிகிற. நீ வேலைக்குப் போனதும் தெனம் நான்தான் வெளயாடிகினு கீறேன்."

'ரன்' என்று கட்டளை அடித்தாள். பாட்டு மறுபடி பொங்கியது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அவர் கை வைத்தால் ஊமை, அவள் கை வைத்தால் கச்சேரி. ஜம்புலிங்கத்துக்கு வெட்கப்படக்கூட நேரமில்லை. அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

நகர்ச் சங்கச் செயலாளர் திருமுருகன் மைக்கைப் பிடித்தார்.

"அருமையா வாசிச்ச எழிலரசி அம்மாவுக்கு நன்றி! அவங்க வர்ற வரைக்கும் சீட்டு புடிச்சு வெச்ச அண்ணாத்தேக்கும் ஒரு கைத்தட்டு குடுங்கப்பா!"