எண்பது திறப்புகளை நான் கலைத்துப் போட்ட கதை

கொழும்பில் கணினி படித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் எவனையும் முதல் ஒரு மாதம் அறையில் பூட்டி, சாப்பாட்டை மட்டும் உள்ளே தள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. என்னை அப்படிப் பூட்டாததால் எண்பது குடும்பங்கள் வீடு மாறிப் போயின. (எழுபத்தெட்டு என்று என் மனைவி திருத்துகிறாள். இரண்டு வீடு தற்செயலாகச் சரியாக வந்துவிட்டனவாம்.)

சுனாமியில் கடல் வந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கரையோரம் வீடிழந்தவர்களுக்காகக் கல்முனைக்கு மேற்கே, வயல் பக்கமாக எண்பது வீடு கட்டி முடித்திருந்தார்கள். இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள், நடுவில் ஒரே சுவர். யாருக்கு எந்த வீடு என்று பள்ளிவாசல் நிர்வாகம் மூன்று மாதம் உட்கார்ந்து பேசியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய் அந்த வீட்டை மகளிடம் கொடுத்துவிட்டு அக்கம்பக்கத்தில் ஒதுங்குவார். ஆகவே ராத்தாவும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். விவாகரத்தில் முடிந்த இரண்டு குடும்பங்கள் ஒரே சுவருக்கு இருபுறமும் வரவே கூடாது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒன்றிலிருந்து எண்பது வரை வரிசை போட்டார்கள்.

அதில் இருபத்தொன்று என் மாமி, அதாவது எனக்குப் பேசி முடித்திருந்த பஸீனாவின் உம்மா. மாமாவையும் மூத்த மகளையும் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் பஸீனா ஒருத்திதான். இருபத்திரண்டு மாமியின் தங்கச்சி ஆயிஷா சாச்சி, ஏழு பிள்ளைகளோடு. எங்களுக்கு இருபத்தொன்றைக் கொடுத்துவிட்டு மாமி தங்கச்சியோடு இருபத்திரண்டில் இருப்பார் என்பதுதான் ஏற்பாடு. சுவருக்கு அந்தப் பக்கம் உம்மா இல்லாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று பஸீனா முதலிலேயே சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற பெண்.

வீடு கட்டித் தந்த தொண்டு நிறுவனம் அந்தப் பட்டியலைக் கொழும்பிலுள்ள தன் கணினியில் ஏற்றி வைத்திருந்தது. பள்ளித் தலைவர் ஹாஜியாரின் கையிலும் அதே பட்டியல் கடதாசியில் இருந்தது. அதை வாசித்து வீட்டுத் திறப்புகளை, அதாவது சாவிகளை, கொடுத்திருந்தால் அரை மணித்தியாலத்தில் எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். நான் விடவில்லை. கொழும்பிலிருந்து பெயர்கள் நேரே திரையில் வந்து விழும், நிர்வாகம் ஏமாற்றியது என்று ஒருத்தரும் சொல்லேலாது என்று ஒரு கிழமை அவர் பின்னால் அலைந்தேன். பிழை ஒன்றும் வராதே என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கம்பியூட்டர் பிழை விடாது, மனிசன்தான் விடுவான் என்று பதில் சொன்னேன். (எந்த மனிசன் என்று அவரும் கேட்கவில்லை.)

பட்டியலைக் கேட்டு வாங்க நான் ஓர் இடைமுகம் எழுதினேன். இடைமுகம் என்றால் ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை சொல்வதற்கான பேச்சு ஒழுங்கு, அவ்வளவுதான். புத்தியுள்ளவன் முதலாவது பெயரைக் கேட்டு, அது வரும் வரை காத்திருந்து, பிறகு இரண்டாவதைக் கேட்பான். அப்போது ஊரில் இருந்த தொலைபேசி இணைப்பில் அப்படிக் கேட்டால் பின்னேர அசர் தொழுகையே வந்துவிடும். நானோ மேதாவி. காத்திருக்காத முறையில் எழுதினேன். சாப்பாட்டுக் கடையில் எண்பது கொத்து ரொட்டிக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிட்டு மேசையில் போய் உட்கார்ந்துவிடுவது போல. ஒவ்வொன்றும் ஆக ஆக அவர்களே கூப்பிடுவார்கள்.

கூப்பிடும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நான்தான் வகுத்தேன். குடும்பத்தின் பெயர், ஆட்கள், ஆட்களின் படங்கள் எல்லாம் சொல்லும். அந்தக் குடும்பம் எத்தனையாவது என்பதை மட்டும் சொல்லாது. வருகிற வரிசைதானே வரிசை, அதற்கு எதற்குத் தனியாக ஓர் இடம் என்று நானே அதை வெட்டி எறிந்தேன். பார்க்கச் சின்னதாக, வடிவாக இருந்தது. வீட்டில் இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து எண்பது வரை பிசகாமல் வந்தது. பட்டியலும் அதே கணினிக்குள் கிடந்தால் பிசகாமல் வராமல் வேறு என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, மௌலவி துஆ ஓதி, நான் பொத்தானை அமத்தினேன். திரையில் முதல் பெயர் வந்தது. ஹாஜியார் தன் கடதாசியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய கடதாசியில் அந்தப் பெயர் ஐம்பத்தாறாவது. அந்த நிமிடம் நான் வாயைத் திறந்து பிழை என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் முழு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது; பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து பஸீனாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் மாற்றியிருப்பார்கள் ஹாஜியார் என்று, வெட்கமே இல்லாமல் சொன்னேன். வீடு தந்தவர்களே மாற்றினால் நாம் என்ன செய்வது என்று அவர் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

மாமிக்கு மூன்றாம் வீடு. ஒட்டிய நாலாம் வீடு தபால் கந்தோரில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்த, ஊருக்கெல்லாம் அண்ணன் முறையான ஹனீபா காக்காவுக்கு. ஆயிஷா சாச்சிக்கு எழுபத்தொன்பது, வளவின் மறு கோடி. அசருக்கு முன்னமே எண்பது வீட்டிலும் யாசீன் ஓதிப் பால் காய்ச்சிவிட்டார்கள். பால் பொங்கின வீட்டை விட்டு எங்கள் ஊரில் யாரும் எழும்ப மாட்டார்கள். ஜனாதிபதி வந்து சொன்னாலும் நடக்காது.

வீட்டுக்கு வந்து இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நிறைய ஆட்களும் நிறையப் படங்களும் உள்ள குடும்பங்களின் விபரம் கனமானது, பிந்தி வந்திருக்கிறது. கனமில்லாதது முந்தி வந்திருக்கிறது. கனமில்லாதவர்கள் யார்? வீட்டில் ஒருவர், இருவர் மட்டும் மிஞ்சியவர்கள். மனைவியையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஹனீபா காக்காவின் விபரத்தில் ஒரே ஒரு பெயர், படம் கூட இல்லை. கடல் அதிகமாகப் பறித்தவர்களை எல்லாம் பொறுக்கியெடுத்து, நான் முதல் வரிசையில் ஒன்றாகக் குடியேற்றியிருந்தேன். அன்றைக்கு நான் அழுதது கலியாணத்தை நினைத்து மட்டுமல்ல.

ஹாஜியாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை, அது அதைவிட மோசம்.

"தம்பி, நீதான் போய்க் கேக்கோணும். வீடு வீடாக் கேளு. ஒரு ஆள் பதில் சொல்லி முடிஞ்ச பிறகு மத்த ஆளுட்டப் போ. எல்லாரையும் ஒரேயடியாக் கேட்டு விசர் வேல பாக்காத."

கேட்டேன். இருபத்தொன்றில் இருந்தவர் மாறச் சம்மதித்தார், இருபத்திரண்டில் இருந்தவர் சம்மதித்தால் மட்டும். இருபத்திரண்டுக்காரர் யானைக் காவலுக்கு இறக்காமத்து வயலில் இருந்தார். பஸ் பிடித்துப் போய், பரணுக்குக் கீழே நின்று கெஞ்சினேன். வேளாண்மை வெட்டின பிறகு யோசிப்பம் என்றார். வெட்டி முடிந்ததும் போனால், அதற்குள் வீட்டில் ஒரு பேரப்பிள்ளை பிறந்து ராசியான வீடாகிவிட்டது. சரி, சாச்சியை மாமி பக்கத்துக்காவது கொண்டுவருவோம் என்று ஹனீபா காக்காவிடம் போனேன். பிளேன்டீ தந்து, முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வீட்டை மாத்த ஏலா தம்பி, பால் பொங்கிட்டு என்றார். சாச்சி என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். மாமி மட்டும் கோபிக்கவில்லை.

"மருமகன், எனக்கு மிஞ்சினது இவ ஒருத்தி. இவள உட்டுட்டு நான் அந்தக் கோடிக்குப் போய் இருக்க மாட்டன். உங்களுக்கு ஏலாட்டி வேற இடம் பாருங்க, நான் மனவருத்தப்பட மாட்டன்."

நான் வேறு இடம் பார்க்கவில்லை. பஸீனாவும் பார்க்கவில்லை. (பார்க்கச் சொல்லி என் உம்மா மாதத்துக்கு ஒரு பெண்ணின் படம் காட்டினார்.) இப்படியே இரண்டு வருடம் போனது. இதற்கிடையில் மூன்றாம் வீட்டிலிருந்து நாலாம் வீட்டுக்கு மீன் ஆணம் போவதும், அந்தக் கோப்பையில் முருங்கைக்காய் திரும்பி வருவதும் நடந்திருக்கிறது. வரிசைகளில் நிபுணனான எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

யுத்தம் முடிந்த அன்று பகல் ஊரெங்கும் வெடி கொளுத்தினார்கள். தனியாக இருந்த மாமி என்னவோ ஏதோ என்று பயந்து வீட்டை விட்டு ஓடியிருக்கிறார். ராத்தா பயப்படுவா என்று சாச்சி எழுபத்தொன்பதிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தார். நானும் சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். மாமி ஹனீபா காக்காவின் குசினியில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். காக்கா வாசலில் நின்று, ஒண்டுமில்ல, வெறும் வெடிதான் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அந்த வாசலில் நின்று சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"ராத்தா, பஸீனாக்குப் பக்கத்து வீட்டிலதானே இருக்கோணும் எண்டீங்க? இதுவும் பக்கத்து வீடுதானே."

மாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. ஹனீபா காக்கா நெடுநேரம் தொண்டையைச் செருமினார்.

"நான் வீட்ட மாத்த ஏலா எண்டுதான் சொன்ன. ஆள் வாறத்துக்கு ஏலா எண்டு ஒருக்காலும் சொல்லல்லயே," என்றார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மாமி வீட்டைக் காலி பண்ணினால்தான் நான் அங்கே மாப்பிள்ளையாகப் போகலாம். ஆகவே முதல் வெள்ளி மாமிக்கு நிக்காஹ், அடுத்த வெள்ளி எனக்கு. பந்தல் ஒன்றுதான், அவிழ்க்கவில்லை. மூன்று வருடமாக மாப்பிள்ளையாகக் காத்திருந்தவன் நான். மாமியின் கலியாணத்தில் சோற்றுச் சஹன் தட்டுகள் தூக்கியவனும் நான்.

இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்து எங்கள் உறவுமுறையைக் கேட்டால் பதில் சொல்கிற உரிமை ஹனீபா மாமாவுக்குத்தான். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொல்வார்:

"இந்தக் குடும்பத்துக்கு மாப்பிள்ளையா வர எனக்கு முந்தியே லைன்ல நிண்டவர் இவர்தான். பாவம், லிஸ்ட் போட்டதும் இவர்தான்."