மேலூர் வழியில் கருத்த மை

விளாங்குடி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்குரிய காளை மாமா அவர்களுக்கு, மருமகள் ஜெயக்கொடி கைகூப்பி எழுதிக்கொள்வது.

நான் எழுதுவதையே நீங்கள் முதலில் மன்னிக்க வேண்டும். பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயத்தில் சின்னவள் கடிதம் எழுதிக்கொண்டு நடுவே புகுவது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் பெரியவர்கள் போனில் வந்தால் எனக்கு ‘ம்’ என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. இந்த விஷயத்தை ‘ம்’ போட்டு விளக்க முடியாது. இங்கே அப்பா, அம்மா, விக்ரம் அண்ணன் யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். சரியாகச் சொன்னால், கேட்கச் சொல்லவில்லை. நான் எழுதுவதே அவளுக்குத் தெரியாது. சோறு வடிக்கும்போது ‘மதினிக்கு முழங்கால் என்னாச்சோ’ என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்வதைக் கேட்டுவிட்டு நான் எழுதுகிறேன்.

விக்ரம் அண்ணன் கல்யாணத்துக்கு வரமாட்டேன், சீரை மட்டும் ஆள் வைத்து அனுப்புகிறேன் என்று நீங்கள் சொல்லிவிட்டதாக அப்பா வந்து சொன்னார். நல்ல காரியத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் கவரில் உங்கள் பெயரைக் கருப்பில் எழுதிக்கொண்டு வந்தால் எந்தத் தாய்மாமனுக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பெயரை எழுதிய கை என்னுடையது. அப்பா அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தது நான் ஒருத்திதான் என்பதால், எழுத வேண்டியது எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, கேஸ் சிலிண்டர் புத்தகம் தொலைந்துபோனால் மனு எழுத, தெருவிளக்கு எரியவில்லை என்று வார்டு ஆபீசுக்குப் புகார் கொடுக்க எல்லாம் நான்தான். வாய் பேசாத பிள்ளைக்குக் கையாவது பேசட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு ஆஷ்லின் டீச்சர் ஒருநாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தார். அவர் கையில் இங்க் பேனா இருந்தது. கையெழுத்து ஈரமாகப் பளபளத்துவிட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து வேறு நிறமாக மாறியது. அன்றிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது மாமா. பழைய பேனாக்களைத் தேடி வாங்கி, நிப்பைக் கழற்றிக் கழுவி, உலர்த்தி, கண் மருந்துக் குப்பிகளில் டீச்சர் கொடுக்கும் மையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, வரி வரியாக எழுதிப் பார்ப்பேன். கத்தரிப்பூ நிறம், காய்ந்த மிளகாய் நிறம், கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது ஓரத்தில் நிற்குமே ஒரு பச்சை, அந்த நிறம் எல்லாம் என்னிடம் இருந்தன. அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு மனுசிக்கு எழுத ஒரு கலரு பத்தாதா தாயி?” என்றார். நான் ‘ம்’ என்றேன்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் கவரில் பெயர் எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதல் பத்திரிகை சாமிக்கு, அதற்குப் பெயர் வேண்டாம். அடுத்தது தாய்மாமனுக்கு என்பதால் முதலில் உங்கள் பெயரைத்தான் எழுதினேன், சாதாரண நீல மையில். அம்மா ஈர விரலால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். தண்ணீர் வழிந்து உங்கள் பெயர் அப்படியே ஒழுகிப்போய்க் கீழே இருந்த உங்கள் ஊர்ப் பெயர் கொட்டாம்பட்டியோடு சேர்ந்துகொண்டது. தன் அண்ணன் பெயர் அழிவது நல்ல சகுனமில்லை என்று அம்மா முகம் வாடிவிட்டாள். அதனால்தான் மாமா, தண்ணீர் பட்டாலும் அழியாத மை ஒன்றைத் தேடினேன். டீச்சர் தந்த குப்பிகளில் அப்படி ஒன்று இருந்தது. இரும்பு கலந்த மை, எழுதினால் தலைமுறைக்கும் நிற்கும் என்று சொல்லியிருந்தார். எழுதிப் பார்த்தேன். வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம் போலத் தெளிவாக இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். “இதேன் லட்சணம்” என்றார். உங்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று, என்னிடம் இருந்ததிலேயே அகலமான நிப்பை எடுத்து, மை நிறைய இறங்கும்படி நிறுத்தி எழுதினேன். உங்கள் கவரை முடித்து அம்மா பக்கத்துச் சொந்தம், அப்பா பக்கத்துச் சொந்தம் என்று பல நாள் எழுதி, கடைசியாக ஆனையூர்ப் பெண் வீட்டாருக்கு எழுதி முடித்தேன். எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். அறுத்த வாழைக்காய் காற்றுப் பட்டுக் கருப்பதுபோல அந்த மையும் கருக்கும். உடனே கருக்காது. ஆற அமர, நாளாக நாளாகக் கருக்கும். மை எவ்வளவு அதிகமோ அவ்வளவு கருப்பு. உங்களுக்கு மரியாதை அதிகம் என்பதால் உங்கள் கவர்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கருத்திருக்கிறது.

உங்கள் வீட்டில் நடந்ததை அம்மா சொன்னாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து நீட்டும்வரை அவர்கள் கவரைத் திருப்பிப் பார்க்கவில்லையாம். நீங்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, கல்யாணத்துக்குச் சொல்ல வந்தீகளா, கருமாதிக்கா?” என்றீர்களாம். அப்பா கவரைப் பார்த்துத் திகைத்துப்போய், “மச்சான், வீட்ல எழுதயில நீலமாத்தேன் இருந்துச்சு” என்றாராம். அதற்கு நீங்கள், “அப்ப வார வழியில மேலூர்லதேன் கருத்துப்போச்சாக்கும்” என்றீர்களாம். அத்தை மட்டும், “வெயிலு அம்புட்டு அடிக்குது, நாமளே கருக்கலையா” என்று அப்பாவுக்காகப் பேசினாராம். அத்தைக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் மேலூரில் பஸ் நின்றபோது அப்பா கீழே இறங்கி டீகூடக் குடிக்கவில்லை. அந்த ஊர் மேலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால்கூட அப்பா இன்னொரு தடவை வந்து காலில் விழுந்திருப்பார். அழகுராஜா சித்தப்பா இருக்கிறாரே, அவர் ஆனையூரில் பத்திரிகை வைத்தபோது கவரோடு படம் எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அது கடைசியாக எழுதிய கவர், அப்போதுதான் காய்ந்திருந்தது. படத்தில் நீலமாக ஜொலிக்கிறது. பெண் வீட்டுக்கு நீலம், தாய்மாமனுக்குக் கருப்பா என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். அந்தக் கவரும் இந்நேரம் கருத்திருக்கும் மாமா. ஆனால் படம் கருக்காது.

மிச்சக் கவர்களையாவது காப்பாற்றப் பார்த்தோம். வேட்டியில் கறை பட்டால் எலுமிச்சை தேய்ப்பதுபோல விக்ரம் அண்ணன் கவரில் தேய்த்தான். கருப்பு போனது, கூடவே கவரும் போனது. ஓட்டை வழியாக மணமக்கள் பெயர் தெரிந்தது. ஆஷ்லின் டீச்சர், பொன் தூள் கலந்த மையால் மேலேயே எழுதிவிடச் சொன்னார். அந்தத் தூள் நிப்பில் அடைத்துக்கொண்டது. உதறினேன். முகூர்த்தத்துக்கு என்று அப்பா எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டியின் மேல் விழுந்தது. அப்பா வேட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. “இதுவும் நாளைக்குக் கருக்குமா தாயி?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னதோடு சரி, அம்மா இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை, “எங்கண்ணன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகாம எம்பிள்ள எப்பிடி மணவறை ஏறுவான்” என்றாள். அன்று மாலையே பேனாக்களையும் குப்பிகளையும் அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டி ஆஷ்லின் டீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டேன். இனி இங்க் பேனாவைத் தொடமாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். பால்பாண்டி மகள் இப்படியெல்லாம் எழுதிக் குடும்பத்தைக் கலைத்தாள் என்ற பேச்சு இத்தோடு நிற்கட்டும். நிறத்தில் என்ன இருக்கிறது, விளங்கினால் போதும் என்ற புத்தி எனக்கு வந்துவிட்டது.

அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும். வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு என் பிரியத்தையும் தெரிவிக்கவும். எழுத்தில் மரியாதைக் குறைவு எங்காவது இருந்தால் அது என் அறியாமை, வளர்ப்பு அல்ல.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மருமகள்,
பா. ஜெயக்கொடி.

பின்குறிப்பு: மாமா, பேனாக்களை எல்லாம் கொடுத்துவிட்டேன் என்று மேலே எழுதியது முழு உண்மை இல்லை. உங்கள் கவருக்கு எழுதிய அந்த ஒன்றை மட்டும், மையோடு, கொடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை அதே பேனாவில், அதே மையில்தான் எழுதியிருக்கிறேன். சத்தியம் என்ன ஆகும் என்று தெரியவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தபாலில் போட்டால் வழியிலேயே கருத்துவிடும் என்பதால் விக்ரம் அண்ணனிடம் கொடுத்து இன்றைக்கே அனுப்புகிறேன். வாங்கியதும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நீலமாக இருக்கும். அத்தையையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மடித்து உள்ளே வைத்துவிடாமல், காற்றுப் படும் இடத்தில் விரித்து வைத்து, தினமும் ஒரு தடவை பாருங்கள். யாரும் தொடாமலே அது கருக்கும். அது முழுக்கக் கருத்த பிறகு, உங்களுக்கு நாங்கள் கருப்பில் எழுதவில்லை என்று நம்பிக்கை வந்தால், நீங்கள் வந்து அண்ணன் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப் போக வேண்டும். இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அம்மா வாய்விட்டுக் கேட்கமாட்டாள். கருக்கும்வரை காத்திருக்க மனமில்லாமல், அண்ணன் வண்டியிலேயே பின்னால் ஏறி இன்றைக்கே வந்துவிட்டாலும் சரிதான் மாமா.